தொழிற்சாலை மென்பொருளில் செக்யூரிட்டி பேட்டர்ன்: உண்மையிலேயே பயன்படுத்துகிறவர்கள் சொல்லுங்கள்

#1 நொச்சி | பீன்யா | திங்கள், இரவு 10.20

வணக்கம் எல்லோருக்கும். பெங்களூரு பீன்யா இரண்டாம் ஸ்டேஜில் ஒரு சின்ன கம்பெனியில் ஆறு வருஷமாக இருக்கிறேன். டீமில் ஒன்பது பேர். பாய்லர், சாய மெஷின், பம்ப் செட் இவற்றை இயக்கும் சின்னக் கம்ப்யூட்டரான பிஎல்சியோடு மோட்பஸ் என்ற தொடர்பு முறையில் பேசி, டேட்டாவை மேலே சர்வருக்கு அனுப்பும் கேட்வே பெட்டி எங்கள் தயாரிப்பு. போன வருஷம் வரை படிப்பது மட்டும்தான் அதன் வேலை. இப்போது கஸ்டமர்கள், ஆபீஸில் உட்கார்ந்தபடியே செட்பாயின்ட்டை, அதாவது மெஷின் எட்ட வேண்டிய வெப்பநிலை போன்ற அளவை, மாற்ற வேண்டும் என்கிறார்கள். படிக்கிற பெட்டி இனி எழுதவும் போகிறது. எனக்குத் தூக்கம் கெட்டது அதனால்தான்.

இன்னொன்று. ஐரோப்பாவுக்கு மெஷின் அனுப்பும் ஒரு கஸ்டமரிடமிருந்து நீளமான கேள்வித்தாள் வந்திருக்கிறது. அங்கே டிஜிட்டல் பொருட்களின் பாதுகாப்புக்கான சைபர் ரெசிலியன்ஸ் ஆக்ட் 2024 டிசம்பரில் அமலுக்கு வந்துவிட்டது. அதன் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல் கட்டாயம். அதற்குள் சப்ளையர்களையெல்லாம் ஐஇசி 62443-4-1 என்ற பாதுகாப்பான தயாரிப்பு உருவாக்கத் தரநிலையின் வழிக்குக் கொண்டுவரப் பார்க்கிறார்கள். கேள்வித்தாளில் ஒரு வரி: "வடிவமைப்பில் எந்தெந்த செக்யூரிட்டி பேட்டர்ன்களைக் கடைப்பிடிக்கிறீர்கள்?"

"ஒரு லிஸ்ட் போட்டு அனுப்பிவிடும்மா" என்றார் மேனேஜர். உட்கார்ந்து 14 பெயர் எழுதினேன். ஒற்றை வாசல், சோதனைச் சாவடி, ரோல், லாக்அவுட், பாதுகாப்பான சேனல், கையெழுத்திட்ட அப்டேட் என்று போகிறது. எழுதி முடித்துவிட்டுப் பார்த்தால், இதில் எது எங்கள் கோடில் எந்த இடத்தில் இருக்கிறது என்று என்னால் விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. அனுப்ப மனசு வரவில்லை.

வெப், பேங்க் பக்கம் வளர்ந்த பேட்டர்ன்கள் ஆலைக்குள் அப்படியே பொருந்துமா? எங்கே கைகொடுத்தன, எங்கே காலை வாரின? அனுபவத்திலிருந்து சொல்லுங்கள்.

#2 வைட்ஃபீல்ட்_வாசி | திங்கள், இரவு 11.05

நொச்சி, முதலில் அந்த லிஸ்ட்டை வெறும் சம்பிரதாயமாக நினைக்காதீர்கள். பதினோரு வருஷம் பேங்க் மென்பொருளில் இருந்துவிட்டு இப்போதுதான் தொழிற்சாலை ஆட்டோமேஷன் பக்கம் வந்திருக்கிறேன். பேட்டர்ன் இல்லாமல் பாதுகாப்பு எழுதினால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுவார்கள். ஓட்டை அந்த இடுக்குகளில்தான் விழும்.

இந்த யோசனையே கட்டிடக் கலையிலிருந்து வந்தது. 1970களில் கிறிஸ்டோபர் அலெக்ஸாண்டர், திரும்பத் திரும்ப வரும் ஒரு பிரச்சினை, அது வரும் சூழல், அதற்கு ஒத்துவந்த தீர்வு மூன்றையும் சேர்த்து எழுதிவைக்கும் முறையைக் கொண்டுவந்தார். மென்பொருள்காரர்கள் 1987 வாக்கில் அதை எடுத்துக்கொண்டார்கள். 1997-ல் யோடரும் பார்கலோவும் பாதுகாப்புக்கென்று ஏழு பேட்டர்ன் எழுதினார்கள். உங்கள் லிஸ்ட்டில் உள்ள ஒற்றை வாசல், சோதனைச் சாவடி, ரோல் எல்லாம் அதில் உண்டு.

உங்கள் கேட்வேக்கு நான் சொல்வது: உள்ளே வர ஒரே வாசல். அந்த வாசலில் வருவதையெல்லாம் சோதிக்கும் ஒரே சாவடி. யார் எதைச் செய்யலாம் என்று ரோல் பிரித்துக்கொள்ளுங்கள். ஐந்து முறை தப்பான பாஸ்வேர்ட் போட்டால் 15 நிமிஷம் லாக்அவுட். எல்லாத் தொடர்பும் டிஎல்எஸ் என்ற மறையாக்கத்தில். சந்தேகம் வந்தால் கதவை மூடு. பேங்கில் இது எல்லாமே காலத்தால் நிரூபணமானது.

#3 பழைய_பேனல் | ராஜாஜிநகர் | செவ்வாய், காலை 6.50

வைட்ஃபீல்ட் தம்பி சொன்னதில் ஒற்றை வாசலும் சாவடியும் சரி. லாக்அவுட்டையும் 'சந்தேகம் வந்தால் மூடு' என்பதையும் பற்றி நான் ஒரு சம்பவம் சொல்லியே ஆக வேண்டும். 27 வருஷம் இன்ஸ்ட்ருமென்டேஷனில் இருந்தவன். இது என் கண் முன்னால் நடந்தது.

ஒரு சாய ஆலை. பாலியஸ்டர் துணிக்குச் சாயம் ஏற்றும் பிரஷர் மெஷின். பாலியஸ்டர் 100 டிகிரியில் சாயம் பிடிக்காது. மூடிய மெஷினுக்குள் அழுத்தத்தோடு 130 டிகிரி வரை கொண்டுபோக வேண்டும். மெஷினுக்குப் புதிதாகத் தொடுதிரைப் பேனல் போட்டோம். பேனல் மென்பொருள் எழுதிய நிறுவனம் நல்ல பெரிய நிறுவனம்தான். தம்பி சொன்ன அதே விதி: ஐந்து தப்பு, 15 நிமிஷம் பூட்டு.

ராத்திரி ஷிப்டு. சர்குலேஷன் பம்ப் ட்ரிப் ஆகி அலாரம் அடிக்கிறது. துணி ஓடாமல் ஒரே இடத்தில் நிற்கிறது, நீராவி மட்டும் ஏறிக்கொண்டே இருக்கிறது. ஆபரேட்டர் ஓடிவந்து திரையைத் தொடுகிறார். ரப்பர் கையுறை, அதில் சாயத் தண்ணீர். ஈரக் கையுறையில் தொடுதிரை பக்கத்து எழுத்தை எடுத்துக்கொண்டது. ஐந்து முறையும் தப்பு. திரை பூட்டிக்கொண்டது. எதிரே கவுன்ட்டவுன் ஓடுகிறது: 14.59, 14.58.

நல்லவேளை, எமர்ஜென்ஸி ஸ்டாப் பட்டனுக்குத் தனி வயர் போட்டிருந்தோம். அது மென்பொருளைக் கேட்டு வேலை செய்கிறதல்ல. அவர் அதை அடித்துவிட்டு, ஓடிப்போய் ஸ்டீம் வால்வைக் கையால் திருகி மூடினார். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த பேட்ச் துணி முழுக்கத் திட்டுத் திட்டாகிப் போனது.

மறுநாள் காலை நான் பார்த்தது இதைவிட மோசம். பேனல் கதவின் உள்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் சூப்பர்வைசர் பாஸ்வேர்டைப் பெரிதாக எழுதியிருந்தார்கள். இனிமேல் யாரும் தப்பாகப் போடக் கூடாதல்லவா? மூன்று ஷிப்டும் ஒரே பாஸ்வேர்டு. யார் எதை மாற்றினார்கள் என்று அதற்கப்புறம் நடந்ததைப் பதிவுசெய்யும் லாகைப் பார்த்து யாராலும் சொல்ல முடியவில்லை. லாக்அவுட் என்ற ஒரு பேட்டர்ன் ரோல் என்ற இன்னொரு பேட்டர்னையும் லாகையும் சேர்த்துக் கொன்றுவிட்டது.

பேங்கில் ஒரு ஆளை 15 நிமிஷம் வெளியே நிறுத்தினால் அவர் திட்டுவார், அவ்வளவுதான். இங்கே மெஷின் காத்திருக்காது. ஐஇசி 62443-3-3 இதை வெளிப்படையாகவே சொல்கிறது: அத்தியாவசியச் செயல்களுக்கான கணக்கைத் தற்காலிகமாகக்கூடப் பூட்டக் கூடாது. அந்த ஒரு வரியை யாராவது படித்திருந்தால் அன்றைக்கு அந்தத் துணி பிழைத்திருக்கும்.

நொச்சி அம்மா, உங்கள் 14 பெயருக்கும் பக்கத்தில் ஒரு கேள்வி எழுதுங்கள்: இது மறுத்தால், அந்த நேரத்தில் மெஷின் முன்னால் நிற்கிறவருக்கு என்ன ஆகும்? பதில் எழுத முடியாத பெயரை அடித்துவிடுங்கள்.

#4 வைட்ஃபீல்ட்_வாசி | செவ்வாய், காலை 9.15

சார், படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கவுன்ட்டவுன் ஓடும் திரையை நானும் எழுதியிருக்கிறேன். வேறு இடத்தில், ஆனால் அதே திரை. ஒத்துக்கொள்கிறேன், அந்த ஆலோசனையை வாபஸ் வாங்குகிறேன்.

ஆனால் ஒரு கேள்வி நிற்கிறது. பூட்டவே கூடாது என்றால் எவன் வேண்டுமானாலும் பாஸ்வேர்டை முயன்றுகொண்டே இருக்கலாமே? நெட்வொர்க் வழியாக வருகிறவனுக்கு இது திறந்த கதவல்லவா?

#5 பழைய_பேனல் | செவ்வாய், காலை 10.30

நல்ல கேள்வி தம்பி. இரண்டு கதவையும் ஒரே கதவாகப் பார்ப்பதால் வருகிற சிக்கல் அது.

மெஷின் முன்னால் நிற்கிறவர் ஏற்கெனவே கேட்டைத் தாண்டி, செக்யூரிட்டியைத் தாண்டி வந்தவர். அவருக்கு அலாரத்தை ஏற்பது, நிறுத்துவது, குளிர்விப்பது இந்த மூன்றுக்கும் லாகினே தேவையில்லை என்று மாற்றினோம். ரெசிபி மாற்ற, லிமிட் மாற்ற லாகின் வேண்டும். அதிலும் பூட்டுவது கிடையாது. ஒவ்வொரு தப்புக்கும் சில நொடி தாமதம், கூடவே கன்ட்ரோல் ரூமுக்கு ஒரு அலாரம். நெட்வொர்க் வழியாக வருகிறவருக்கோ பாஸ்வேர்டோடு இரண்டாவது சரிபார்ப்பும் உண்டு, பூட்டும் உண்டு. அவர் 15 நிமிஷம் காத்திருக்கலாம்.

பிஎல்சி புரோகிராமை மாற்ற மட்டும் சாவி. நிஜச் சாவி, பேனலில் திருப்புகிறது. இதன் அருமை 2017-ல் தெரிந்தது. சவுதியில் ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையின் ட்ரைகோனெக்ஸ் பாதுகாப்புக் கன்ட்ரோலருக்குள்ளேயே ஆட்கள் புகுந்தார்கள். அந்தத் தாக்குதல் மென்பொருளுக்கு ட்ரைட்டன் என்று பெயர் வைத்தார்கள். அந்தக் கன்ட்ரோலரிலும் சாவி இருந்தது. புரோகிராம் நிலையிலேயே திருப்பிவைத்து விட்டிருந்தார்கள். பேட்டர்ன் இருந்தது, பொறுப்பாகத் திருப்பிவைக்க ஆள் இல்லை. அதனால் எங்கள் ஆலையில், சாவி ரன் நிலையை விட்டு நகர்ந்தால் அதுவே ஒரு அலாரம் என்று வைத்தோம். ஷிப்டு மாறும்போது அந்த அலாரம் இருந்தால் அடுத்த ஷிப்டு பொறுப்பேற்க மாட்டார்கள்.

#6 ரிலே | செவ்வாய், இரவு 9.40

நான் செக்யூரிட்டி டெஸ்டிங் செய்கிறவள். நொச்சி, உங்கள் கேட்வே எழுதவும் போகிறது என்றீர்களே, என் கவலை அங்கேதான். 'எங்கள் சாவடி எல்லாவற்றையும் சோதிக்கிறது' என்று சொல்கிற பெட்டிகளை மேசையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் சோதிப்பது ஒரு பாதையை மட்டும்தான்.

மோட்பஸ் 1979-ல் வந்தது. யார் கேட்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது, தெரிந்துகொள்ள இடமும் இல்லை. நெட்வொர்க்கில் அதன் வாசலான போர்ட் 502-க்கு வந்தவரெல்லாம் அதற்கு முதலாளிதான். ஆகவே முழுச் சுமையும் உங்கள் சாவடி மேல். அது எப்படி ஏமாறுகிறது என்று இரண்டு இடம் காட்டுகிறேன்.

முதலாவது, ஃபங்ஷன் கோட், அதாவது என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் எண். ரெஜிஸ்டர் என்பது பிஎல்சி ஒரு 16 பிட் எண்ணை வைக்கும் இடம். ஒரு ரெஜிஸ்டரை எழுத 6 என்பது எல்லோருக்கும் தெரியும், அதைச் சோதிப்பார்கள். பல ரெஜிஸ்டரை ஒரே தடவையில் எழுத 16. இதைப் பாதிப் பேர் மறப்பார்கள். சில பிட்டை மட்டும் மாற்ற 22. அப்புறம் 23 என்று ஒன்று இருக்கிறது: ஒரே கோரிக்கையில் படிக்கவும் செய்யும், எழுதவும் செய்யும். ஒரு பெட்டியில் அதை 'படிக்கிற வகை' என்று நினைத்துச் சும்மா விட்டிருந்தார்கள். அந்த வழியாக நான் செட்பாயின்ட்டை மாற்றிக் காட்டினேன். தடுக்க வேண்டியதை வரிசைப்படுத்தாதீர்கள். அனுமதிக்கிறதை மட்டும் வரிசைப்படுத்துங்கள், மற்றதெல்லாம் நிராகரிப்பு.

இரண்டாவது, மதிப்பு. வெப்பநிலை தசம எண்ணாக இருந்தால் அது 32 பிட், இரண்டு ரெஜிஸ்டரில் உட்காரும். 85.0 டிகிரி என்பது 17066, 0 என்று இரண்டு எண்ணாகப் போகும். 500.0 என்பது 17402, 0. சில பிஎல்சி இந்த இரண்டையும் இடம் மாற்றி வைக்கும். உங்கள் சாவடி ஒரு வரிசையில் படித்து, பிஎல்சி இன்னொரு வரிசையில் படித்தால், சாவடியின் கண்ணுக்கு 500 டிகிரி கிட்டத்தட்ட பூஜ்யமாகத் தெரியும். '85-க்கு மேல் போகக் கூடாது' என்று மேல்வரம்பு மட்டும் வைத்திருந்தால் 500 பச்சைக் கொடியோடு உள்ளே போய்விடும்.

இன்னும் ஒன்று. கோட் 6 ஒரு ரெஜிஸ்டரை மட்டும்தான் எழுதும். 60.0 என்பது 17008, 0. அதில் முதல் பாதியை மட்டும் 17402 என்று மாற்றினால் 500 தயார். இரண்டையும் சேர்த்தால்தான் அர்த்தம் வருகிற இடத்தில் ஒன்றை மட்டும் எழுத விடவே கூடாது.

இதையெல்லாம் 'உள்ளீட்டுச் சரிபார்ப்பு' என்ற பெயரில் ஒரே வரியில் எழுதிவிடலாம். அந்த வரியை வாசிக்கிறவருக்கு எதுவும் தெரியாது. பேட்டர்ன் என்பது இந்த விவரம்தான் என்பது என் எண்ணம்.

#7 கேஆர்புரம்_மாணவன் | செவ்வாய், இரவு 10.10

அக்கா, சார், நான் கடைசி வருஷம் படிக்கிறேன். பேட்டர்ன் என்றால் லைப்ரரி மாதிரி டவுன்லோட் செய்து போடுவதா?

#8 ரிலே | செவ்வாய், இரவு 10.25

இல்லை தம்பி. லைப்ரரி என்பது கடையில் வாங்குகிற மாவு. பேட்டர்ன் என்பது எந்த அரிசிக்கு எவ்வளவு உளுந்து, பனிக்காலத்தில் எவ்வளவு நேரம் புளிக்கவிட வேண்டும் என்று பாட்டி சொல்கிற பக்குவம். சென்னைப் பக்குவத்தை இங்கே டிசம்பரில் அப்படியே வைத்தால் காலையில் மாவு பொங்கியிருக்காது. பழைய பேனல் சார் சொன்ன லாக்அவுட் கதை அதுதான்.

#9 நொச்சி | புதன், இரவு 11.50

ரிலே அக்கா, இன்று ஆபீஸில் முதல் வேலையாக எங்கள் கோடைத் திறந்தேன்.

எழுதுவதைச் சோதிக்கும் ஃபங்ஷன் ஒன்றுதான். அதை எங்கள் ஆர்க்கிடெக்சர் படத்தில் பெரிய சிவப்புக் கட்டமாக வரைந்து 'சோதனைச் சாவடி' என்று எழுதியிருக்கிறோம். உள்ளே பார்த்தால் கோட் 6-க்கும் 16-க்கும் சோதனை இருக்கிறது. 22, 23 இரண்டுமே 'தெரியாத கோட், அப்படியே கடத்து' என்ற கிளையில் போய் விழுகின்றன. படிக்கிற பெட்டியாக மட்டும் இருந்த காலத்தில், பழைய மெஷின்களோடு ஒத்துப்போவதற்காக நானே எழுதிய வரி அது. மூன்று வருஷத்துக்கு முந்தைய என் பெயரில் கமிட் இருக்கிறது.

அதைவிடப் பெரியது ஒன்று. எங்கள் பெட்டியில் சீரியல் போர்ட்டும் உண்டு, மெஷினை முதலில் ஓடவைக்கும் கமிஷனிங் சமயத்தில் லேப்டாப் செருகுவதற்கு. அந்தப் பாதை சாவடி பக்கமே வருவதில்லை. நேராக பிஎல்சிக்குப் போகிறது. ஒற்றை வாசல் என்று எழுதியிருக்கிறேன், வாசல் இரண்டு.

மேனேஜரிடம் காட்டினேன். அவர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "500 அனுப்பிக் காட்டு" என்றார். பெஞ்சில் இருந்த பிஎல்சிக்கு 23-ஆம் கோட் வழியாக அனுப்பினேன். திரையில் செட்பாயின்ட் 500.0 என்று வந்தது. ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. கேள்வித்தாளுக்கு மூன்று வாரம் அவகாசம் கேட்டு அவரே மெயில் போட்டார்.

#10 ஓசூர்_பஸ் | வியாழன், காலை 8.05

நான் மெஷின் கமிஷனிங் ஆள். தினமும் ஓசூரிலிருந்து பொம்மசந்திரா வந்து, அங்கிருந்து மெட்ரோ. உங்கள் மாதிரி ஆட்கள் எழுதுவதைக் கொண்டுபோய் ஆலையில் ஓட வைக்கிறவன் நான். அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன்.

பாதுகாப்பான சேனல் போட்ட ஒரு கேட்வே. எல்லாம் டிஎல்எஸ், சர்வரின் அடையாளத்தைக் காட்டும் சான்றிதழ், பக்காவாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கரன்ட் போய் யூபிஎஸ்ஸும் தீர்ந்து, திங்கள் காலை பெட்டி எழுந்தது. உள்ளே கடிகாரத்துக்கு பேட்டரி இல்லை. அது 1970 ஜனவரி 1 என்று நினைத்துக்கொண்டது. சர்வரின் சான்றிதழைப் பார்த்து 'இது இன்னும் செல்லுபடி ஆகும் காலமே வரவில்லை' என்று மறுத்துவிட்டது. சேனல் இல்லை, டேட்டா இல்லை. நேரத்தைச் சரிசெய்ய டைம் சர்வர் வேண்டும். அதுவும் அதே சேனலுக்குள்தான் இருந்தது.

எனக்கு ஃபோன் மேல் ஃபோன். மெஷின் நிற்கிறது, லாரி காத்திருக்கிறது. நான் என்ன செய்தேன் தெரியுமா? சான்றிதழ் சோதனையை ஆஃப் செய்தேன். எட்டு நிமிஷத்தில் எல்லாம் ஓடியது. அதைத் திரும்ப ஆன் செய்ய நான் போனது நாலு மாதம் கழித்து, வேறு வேலைக்காக. இதைச் சொல்வது எனக்கு எளிதல்ல, ஆனால் இந்த இழையில் சொல்லித்தான் ஆக வேண்டும். நாலு மாதம் அந்த ஆலை திறந்து கிடந்தது.

பாதுகாப்பான சேனல் என்று எழுதும்போது 'இதற்கு நம்பகமான நேரம் வேண்டும்' என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பத்து ரூபாய் பேட்டரி போடுங்கள். இல்லையென்றால் கடைசியாகத் தெரிந்த நேரத்தையாவது ஃபிளாஷில் சேமித்து, எழும்போது அதற்குப் பின்னால் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சோதனையை ஆஃப் செய்யும் வசதி இருந்தே தீர வேண்டுமென்றால், அது 24 மணி நேரத்தில் தானாக ஆன் ஆகட்டும். எங்களை நம்பி விடாதீர்கள். நாங்கள் கெட்டவர்கள் அல்ல, அடுத்த சைட்டுக்கு ஓடிக்கொண்டிருப்போம்.

நொச்சி, உங்கள் சீரியல் போர்ட்டை அடைத்துவிடாதீர்கள். அது இல்லாமல் எங்களால் முடியாது. சாவடி வழியாக வரட்டும், போதும்.

#11 வைட்ஃபீல்ட்_வாசி | வியாழன், மதியம் 1.20

ஓசூர் அண்ணா, இதைத் திறந்து சொன்னதற்கு நன்றி. சான்றிதழ் சோதனையை ஆஃப் செய்கிற பட்டனை வைக்கிறவர்கள் என்னைப் போன்றவர்கள்தான்.

லாக் பற்றி யாரும் பேசவில்லை, சுருக்கமாகச் சேர்க்கிறேன். நம் நாட்டில் கம்ப்யூட்டர் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல் கொடுத்த உத்தரவுப்படி, குறிப்பிட்ட வகைச் சம்பவம் நடந்தால் தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாக் 180 நாள் இருக்க வேண்டும். கேட்வே பெட்டியின் சின்ன ஃபிளாஷில் 180 நாளை எழுதினால் ஃபிளாஷ் சீக்கிரம் தேய்ந்துவிடும். ஆகவே லாகை உடனுக்குடன் வெளியே அனுப்புங்கள், பெட்டியில் சில நாள் மட்டும் போதும். ஒவ்வொரு வரியின் ஹாஷும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை மாதிரியான எண்) முந்தைய வரியின் ஹாஷைச் சேர்த்துக் கணக்கிடப்பட்டால் நடுவில் ஒரு வரியை உருவினால் தெரிந்துவிடும்.

#12 பழைய_பேனல் | வியாழன், இரவு 8.45

லாகில் பெட்டி சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். 2010-ல் வெளியே வந்த ஸ்டக்ஸ்நெட் என்ற தாக்குதல் மென்பொருள், ஆபரேட்டர் திரைக்கு ஏற்கெனவே பதிவுசெய்த நல்ல எண்களையே காட்டிக்கொண்டு, பின்னால் சென்ட்ரிஃப்யூஜின் வேகத்தை மாற்றியது. முக்கியமான ஒன்றிரண்டு அளவையாவது அந்த நெட்வொர்க்கைத் தொடாத தனி மீட்டரில் காட்டுங்கள். பாய்லர் மேல் இருக்கிற பழைய டயல் கேஜைக் கழற்றச் சொல்லி யாராவது வந்தால் நான் சண்டை போடுவேன்.

#13 நொச்சி | சனி, மாலை 5.15

இரண்டு நாளாக ஒரு வேலை செய்தேன். உங்கள் கருத்து வேண்டும்.

14 பெயரையும் அழித்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கத்தில் ஒரு அட்டை எழுதத் தொடங்கினேன். பிரச்சினை, தீர்வு, கோடில் அது இருக்கும் ஃபைல், அது எதை நம்பி நிற்கிறது, அது மறுத்தால் மெஷின் முன்னால் நிற்கிறவருக்கு என்ன ஆகும், அவசரத்தில் அதை எப்படித் தாண்டுவார்கள். கடைசி இரண்டும் சாரும் அண்ணாவும் கொடுத்தவை. மாதிரிக்கு ஒன்று:

கையெழுத்திட்ட அப்டேட். பிரச்சினை: எங்கள் பெட்டியின் ஃபர்ம்வேரை, அதாவது உள்ளேயே பதிந்த மென்பொருளை, யாரோ மாற்றி எழுதிவிட்டால் ஆலைக்கு நேரில் போய்ப் பெட்டியையே மாற்ற வேண்டும். 2015 டிசம்பர் 23-ல் உக்ரைனில் மின்சாரத்தைத் துண்டித்தவர்கள், துணை மின்நிலையங்களில் இருந்த சீரியல்-ஈதர்நெட் கன்வர்ட்டர்களின் ஃபர்ம்வேரை அழித்தெழுதினார்கள். சுமார் 2,25,000 இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. ஆட்கள் நேரில் போய்க் கையால் பிரேக்கரைப் போட்டார்கள். அந்தக் கன்வர்ட்டர் எங்கள் பெட்டிக்கு அண்ணன் முறை. தீர்வு: எங்கள் சாவியால் கையெழுத்திடாத ஃபர்ம்வேரை, பெட்டியை எழுப்பும் பூட்லோடர் ஏற்காது, பழைய, ஓட்டை உள்ள பதிப்புக்குத் திரும்பவும் விடாது. நம்பி நிற்பது: கையெழுத்துச் சாவி பில்ட் சர்வரில் இருக்கக் கூடாது. மறுத்தால்: பெட்டி முந்தைய நல்ல ஃபர்ம்வேரோடு ஓடும், மெஷின் நிற்காது. அவசரத்தில்: கமிஷனிங் ஆள் பழைய பதிப்புக்குப் போக விரும்பலாம்; அதற்கு எங்களிடம் கையெழுத்து வாங்கும் ஃபோன் நம்பர், ராத்திரியிலும் எடுக்கப்படும்.

அந்தக் கடைசி வரிக்காக மேனேஜரோடு ஒரு மணி நேரம் பேசினேன். ராத்திரி யார் ஃபோன் எடுப்பது? டீமில் முறை வைத்திருக்கிறோம். முதல் வாரம் நான்.

#14 ரிலே | சனி, இரவு 7.00

அருமை. ஒரு வரி குறைகிறது: 'இதை உடைக்க முயலும் டெஸ்ட் எது?' ஒவ்வொரு பில்டிலும் அது ஓட வேண்டும். 23-ஆம் கோடில் 500 அனுப்பும் டெஸ்ட், இடம் மாறிய ரெஜிஸ்டர் டெஸ்ட், பாதி எழுதும் டெஸ்ட், கையெழுத்தில்லாத ஃபர்ம்வேர் டெஸ்ட், 1970 டெஸ்ட். யாராவது இன்னும் மூன்று வருஷம் கழித்து 'அப்படியே கடத்து' என்று ஒரு வரி சேர்த்தால் அன்றைக்கே பில்ட் சிவக்கட்டும்.

#15 வைட்ஃபீல்ட்_வாசி | ஞாயிறு, காலை 11.30

ஒரு விஷயத்தில் இன்னும் எனக்குத் தெளிவு இல்லை. சாவடியே கிராஷ் ஆனால்? எழுதுவதை விடுவதா, மறுப்பதா?

#16 பழைய_பேனல் | ஞாயிறு, மதியம் 12.10

இங்கே மறுப்பதுதான் சரி தம்பி. மேலேயிருந்து வருகிற செட்பாயின்ட் இல்லாமல் பிஎல்சி தன் பழைய செட்பாயின்ட்டோடு பத்திரமாக ஓடும். படிப்பது தொடரட்டும், எழுதுவது நிற்கட்டும். லாக்அவுட்டுக்கு நான் வேறு பதில் சொன்னேன், இதற்கு இது. அதனால்தான் எல்லாவற்றுக்கும் ஒரே விதி எழுதாதீர்கள் என்கிறேன். ஒன்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்: செட்பாயின்ட் மாற்றம் பாதி வழியில் இருக்கும்போது கிராஷ் ஆனால் பிஎல்சியில் இருப்பது பழையதா, புதியதா, இரண்டுங்கெட்டானா?

#17 நொச்சி | மூன்று வாரம் கழித்து, வெள்ளி, இரவு 9.30

தகவல் சொல்ல வந்தேன். 14-ல் ஒன்பதுக்குத்தான் அட்டை எழுத முடிந்தது. மற்ற ஐந்தும் எங்களிடம் இல்லை என்றே கேள்வித்தாளில் எழுதினோம். அவற்றில் இரண்டுக்குத் தேதி கொடுத்திருக்கிறோம். கஸ்டமரின் ஆள் திரும்ப அழைத்தார். லிஸ்ட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. 'மறுத்தால்' என்ற வரிகளை மட்டும் ஒவ்வொன்றாகப் படித்து, முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டார். சீரியல் போர்ட் இப்போது சாவடி வழியாக வருகிறது. சார் கடைசியாகக் கேட்ட இரண்டுங்கெட்டான் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லாமல் இருந்தது. இப்போது புதிய மதிப்பு தனி ரெஜிஸ்டரில் போய் உட்கார்ந்து, பிஎல்சி முழுசாகச் சரிபார்த்த பிறகுதான் எடுத்துக்கொள்கிறது.

நாளை காலை பேனல் திரையை பெஞ்சில் வைத்து டெஸ்ட் செய்கிறோம். வரும் வழியில் ஹார்டுவேர் கடையில் ரப்பர் கையுறை மூன்று ஜோடி வாங்கிவந்தேன். ஒரு வாளியில் சோப்புத் தண்ணீர் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.